லேபர் வார்டு சிஸ்டர் சொல்கிறேன்: பிரசவ காலத்து ஆன்டிபயாடிக்கைக் கையாள்வது எப்படி

பிரசவத்துக்கு எடுத்துவைக்கும் பையில் குழந்தைத் துணி, துண்டு, பேட் எல்லாம் போன பிறகு இன்னும் இரண்டு பொருளைப் போடச் சொல்வேன். ஒரு தெர்மாமீட்டர். ஒரு சின்ன நோட்டு, பேனாவோடு. 28 வருஷம் லேபர் வார்டில் நின்றவள் நான். அதில் பாதிக்கு மேல் நைட் டூட்டி. நடுராத்திரியில் வேறு இடத்திலிருந்து அனுப்பப்பட்டு வரும் பெண்ணிடம் "ஆன்டிபயாடிக் ஏதாவது போட்டார்களா?" என்று கேட்டால், "ஏதோ ஊசி போட்டாங்க சிஸ்டர்" என்பதுதான் பெரும்பாலும் பதில். அந்த "ஏதோ"வை வைத்துக்கொண்டு அடுத்த மருந்தை முடிவு செய்ய டாக்டர் படும் பாட்டைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

நோட்டில் ஒரு பக்கத்தை நான்கு பத்தியாகப் பிரியுங்கள்: மருந்தின் பெயர், எதற்காக, ஆரம்பித்த தேதியும் மணியும், நிறுத்தும் நாள். இரண்டாவது பத்தி காலியாக இருந்தால் கேளுங்கள். கேட்டதற்காக யாரும் உங்களை வெளியே அனுப்பிவிட மாட்டார்கள்.

அந்தக் கேள்வியைப் பல வருஷம் நானே கேட்டதில்லை. முதலில் வேலை பார்த்த மருத்துவமனையில் சுகப்பிரசவமான எல்லோருக்கும் ஐந்து நாள் மாத்திரை கொடுத்தனுப்புவோம். காய்ச்சல் இல்லை, பெரிய கிழிசல் இல்லை, இருந்தாலும் மாத்திரை. அப்படிப் போன ஒரு பெண் ஆறாம் நாள் நடுங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். மூன்று நாளாகக் காய்ச்சலாம். ஏன் உடனே வரவில்லை என்று கேட்டேன். கையில் இருந்த மாத்திரை அட்டையைக் காட்டி, "அதான் சாப்பிடுறேனே சிஸ்டர்" என்றாள். கர்ப்பப்பையில் நஞ்சுக்கொடியின் துண்டு ஒன்று தங்கி, அதில் கிருமி பிடித்திருந்தது. அந்த மாத்திரை அதைத் தடுக்கவில்லை. அவளை மூன்று நாள் வீட்டில் உட்கார வைத்தது, அவ்வளவுதான். பிழைத்துக்கொண்டாள். அட்டையை எடுத்துக் கொடுத்த கை என்னுடையது.

முதலில் சிறுநீர்

கர்ப்பத்தின் ஆரம்பத்தில் செய்யும் சிறுநீர் கல்ச்சரை, அதாவது கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையை, அலட்சியம் செய்யாதீர்கள். எரிச்சல் இல்லை, அடிக்கடி போவதில்லை, ஆனாலும் சிறுநீரில் பாக்டீரியா வளர்ந்திருக்கும். கர்ப்பிணிகளில் 100க்கு 2 முதல் 10 பேருக்கு இப்படி இருப்பதுண்டு. கர்ப்பம் இல்லாத நாளில் என்றால் பெரும்பாலும் இதற்கு மருந்தே தேவையில்லை. கர்ப்பத்தில் மட்டும் சங்கதி வேறு. ஹார்மோனால் சிறுநீர்க் குழாய் தளர்ந்துபோகிறது, கர்ப்பப்பையும் அதை அழுத்துகிறது, சிறுநீர் தேங்குகிறது. கிருமி மேலே ஏறிச் சிறுநீரகத்தைப் பிடித்தால் குளிர்காய்ச்சல், இடுப்பின் பின்பக்கத்தில் வலி, வாந்தி என்று படுக்கையில் தள்ளிவிடும். குறைமாதப் பிரசவத்துக்கும் வழி வைக்கும். அதனால் தொந்தரவே இல்லாவிட்டாலும் இங்கே மருந்து உண்டு, வழக்கமாக 4 முதல் 7 நாள். முடித்து ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி கல்ச்சர் கொடுத்துக் கிருமி போய்விட்டதா என்று பார்ப்பது நல்லது.

மாதிரி எடுப்பதிலேயே பாதிக் குழப்பம் வருகிறது. கையைக் கழுவுங்கள். முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். கடைசியில் வருவதும் வேண்டாம். டப்பாவின் உள்பக்கத்தில் விரல் படக் கூடாது. சீக்கிரம் ஆய்வகத்தில் கொடுங்கள், தாமதமாகும் என்றால் ஃபிரிட்ஜில் வையுங்கள். ரிப்போர்ட்டில் பலவகைக் கிருமி கலந்து வளர்ந்திருப்பதாக வந்தால், அநேகமாக மாதிரி அசுத்தமாகியிருக்கிறது. மருந்தை ஆரம்பிப்பதற்கு முன் மறுபடி எடுத்துக் கொடுக்கலாமா என்று கேளுங்கள்.

போன தடவை மீந்த மாத்திரையை மட்டும் போடாதீர்கள். கர்ப்பத்தில் மாதத்துக்கு மாதம் கணக்கு மாறும். ட்ரைமெத்தோப்ரிம் ஃபோலிக் அமிலத்தோடு மோதும், ஆகவே முதல் மூன்று மாதத்தில் தவிர்ப்பார்கள். நைட்ரோஃபுரன்டாயின் நல்ல மருந்துதான், ஆனால் பிரசவம் நெருங்கும் வாரங்களில் குழந்தையின் சிவப்பணுக்களை உடைக்கலாம் என்று விட்டுவிடுவார்கள். டெட்ராசைக்ளின் வகை குழந்தையின் பல்லில் கறையேற்றும். பெனிசிலின், செஃபலோஸ்போரின் குடும்பங்கள்தான் நீண்ட கால அனுபவத்தில் நம்பிக்கையானவை. இதையெல்லாம் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம். மருந்துக் கடையில் நின்றாலும், பல் டாக்டரிடம் போனாலும் "எனக்கு இத்தனையாவது வாரம்" என்று முதல் வாக்கியத்திலேயே சொன்னால் போதும்.

வெள்ளைப்படுதலைப் பற்றி ஒரு வார்த்தை. தயிர் போலத் திரிந்து அரிப்பெடுத்தால் அது பெரும்பாலும் பூஞ்சை. ஆன்டிபயாடிக் அதைக் குணப்படுத்தாது, கூட்டவே செய்யும்.

பி வகை ஸ்ட்ரெப்

சுமார் நான்கில் ஒரு கர்ப்பிணியின் பிறப்புறுப்பிலோ மலக்குடலிலோ பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா குடியிருக்கும். அது நோய் அல்ல, அசுத்தத்தால் வந்ததும் அல்ல. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு "நான் சுத்தமாத்தானே இருக்கேன் சிஸ்டர்" என்று அழுத பெண்கள் எத்தனையோ பேர். உங்களுக்கு அதனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பிறக்கும்போது குழந்தைக்குப் போனால்தான் பிரச்சினை: மிகச் சில குழந்தைகளுக்கு ரத்தத்திலும் நுரையீரலிலும் மூளைச் சவ்விலும் கடுமையான தொற்று வரும்.

சில நாடுகளில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் 36, 37ஆம் வாரங்களில் ஸ்வாப், அதாவது பஞ்சுக் குச்சியால் துடைத்து மாதிரி, எடுக்கிறார்கள். பிரிட்டன் போன்ற இடங்களில் எல்லோருக்கும் எடுப்பதில்லை. ஆபத்துக் காரணம் இருப்பவர்களைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். உங்கள் மருத்துவமனையின் வழக்கம் எது என்று 34ஆம் வாரத்துக்குள் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்வாப் என்றால் பிறப்புறுப்பின் கீழ்ப்பகுதி, மலவாய் இரண்டிலும் எடுக்க வேண்டும். ஒன்றில் மட்டும் எடுத்தால் தப்பிவிடும்.

கிருமி இருப்பது தெரிந்தால் உடனே மாத்திரை போட்டு ஒழித்துவிடலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். ஒழியாது. நிறுத்தினதும் திரும்ப வந்து குடியேறும். அதனால்தான் பிரசவ வலி வந்த பிறகு அல்லது பனிக்குடம் உடைந்த பிறகு நரம்பு வழியாகப் பெனிசிலின் ஏற்றி, குழந்தை பிறக்கும் வரை 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை தொடர்கிறார்கள். முதல் டோஸுக்கும் பிறப்புக்கும் இடையில் 4 மணி நேரமாவது கிடைத்தால் நல்லது. இரண்டாவது, மூன்றாவது பிரசவக்காரர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். உங்களுக்கு வலி வேகமாக முற்றும். "இன்னும் கொஞ்சம் பொறுத்துப் போகலாம்" என்று வீட்டில் இருந்துவிட்டு வந்த ஒருவருக்கு 2.10க்கு ஊசி போட்டேன், 3.05க்குக் குழந்தை. நல்லவேளை, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. கூடுதல் நேரம் கண்காணிப்பில் வைத்தோம். வலி ஆரம்பித்ததும் போன் செய்து, முதல் வார்த்தையாக ஸ்ட்ரெப் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

இந்தக் கர்ப்பத்தில் சிறுநீரிலேயே இந்தக் கிருமி வந்திருந்தாலும், முந்தைய குழந்தைக்கு இந்த நோய் வந்திருந்தாலும் ஸ்வாபுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பிரசவ நேரத்தில் மருந்து உண்டு. வலி வராமல், பனிக்குடம் உடையாமல், திட்டமிட்டுச் செய்யும் சிசேரியனுக்கு இந்தப் பெனிசிலின் தேவையில்லை.

பெனிசிலின் அலர்ஜி விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். தனக்கு அலர்ஜி என்று சொல்கிற 10 பேரில் 9 பேருக்கு உண்மையில் மருந்து ஒத்துக்கொள்ளும். என்னிடம் வந்த ஒருவர் அட்டையில் சிவப்பு மையில் அலர்ஜி என்று எழுதியிருந்தது. என்ன ஆனது என்று கிண்டிக் கேட்டால், 7 வயதில் மருந்து குடித்து வாந்தி எடுத்தாராம். வாந்தி அலர்ஜி இல்லை. மாறாக, சில நிமிஷத்தில் உடம்பெல்லாம் தடித்தது, உதடு வீங்கியது, மூச்சு முட்டியது என்றால் அது நிஜம். எது நடந்தது, எத்தனை வயதில், மருந்து போட்டு எவ்வளவு நேரத்தில் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு நோட்டில் எழுதுங்கள். சந்தேகம் என்றால் கர்ப்பத்திலேயே பரிசோதித்துப் பார்க்கலாம். நிஜமான கடும் அலர்ஜி என்றால் ஸ்வாப் அனுப்பும் தாளிலேயே அதை எழுதச் சொல்லுங்கள். அப்போதுதான் பெனிசிலினுக்குப் பதிலாகக் கொடுக்கும் கிளிண்டாமைசினுக்கு அந்தக் கிருமி கேட்குமா என்று ஆய்வகம் சோதித்து வைக்கும். கேட்காத கிருமிகள் ஏராளம். அதை ராத்திரி 3 மணிக்கு லேபர் வார்டில் கண்டுபிடிக்க முடியாது.

பனிக்குடம் உடைந்தால்

மணியைப் பாருங்கள், எழுதுங்கள். நீரின் நிறம், வாடை, உங்கள் காய்ச்சல் அளவு மூன்றையும் குறியுங்கள். பிறகு பேட் மட்டும் வையுங்கள், உள்ளே எதுவும் வேண்டாம். மருத்துவமனையில் அடிக்கடி உள்பரிசோதனை செய்தால், "இப்போ இது தேவையா?" என்று கேட்கலாம். பனிக்குடம் உடைந்த பிறகு ஒவ்வொரு பரிசோதனையும் கிருமியை மேலே தள்ளும் வாய்ப்பு.

37 வாரத்துக்கு முன் உடைந்து, வலி வராமல் இருந்தால் ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். பல இடங்களில் எரித்ரோமைசின், 10 நாள். இங்கே கோ-அமாக்ஸிக்ளாவ் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கைத் தவிர்ப்பார்கள். 2001இல் வந்த ஆரக்கிள் என்ற பெரிய ஆய்வில், அதைச் சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளுக்குக் குடல் அழுகும் நோய் கூடுதலாக வந்தது.

அதே ஆய்வின் இன்னொரு பாதியைத்தான் "சும்மா ஒரு ஆன்டிபயாடிக் போட்டா என்ன கெட்டுடும்?" என்று கேட்கிறவர்களுக்குச் சொல்வேன். பனிக்குடம் உடையவில்லை, தொற்று இருப்பதற்கான அறிகுறி இல்லை, ஆனால் மாதம் ஆகாமல் வலி வந்துவிட்டது. அவர்களுக்கும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். பிரசவம் தள்ளிப்போகவில்லை, குழந்தைகளுக்கு நன்மையும் இல்லை. 7 வயதில் அந்தக் குழந்தைகளைத் திரும்பப் பார்த்தபோது, மருந்து வாங்கிய பக்கத்தில் மூளை வாதம் கூடுதலாக இருந்தது. பனிக்குடம் உடையாத குறைமாத வலிக்கு, வேறு காரணம் இல்லாமல், இதைக் கொடுக்க வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனமும் சொல்கிறது. பி வகை ஸ்ட்ரெப்புக்காகப் பெனிசிலின் போடுவது வேறு கணக்கு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பிரசவ அறையில்

சிசேரியன் என்றால் ஒரு டோஸ் கட்டாயம் வேண்டும். தோலை வெட்டுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள், வழக்கமாக செஃபசோலின். நான் சேர்ந்த காலத்தில் ஊசியை நிரப்பிக் கையில் வைத்துக்கொண்டு, தொப்புள்கொடியைக் கவ்வும் வரை காத்திருப்போம், குழந்தைக்கு மருந்து போகக் கூடாது என்று. வெட்டுவதற்கு முன் கொடுத்தால் தாய்க்குத் தொற்று இன்னும் குறைகிறது, குழந்தைக்கும் கெடுதல் தெரியவில்லை என்று பின்னால் தெரிந்து மாற்றிக்கொண்டோம். "ஊசி போட்டாச்சா?" என்று தியேட்டருக்குள் போகும்போது கேட்டுவிடுங்கள். அதிக ரத்தம் போனாலோ, அறுவை நீண்டாலோ இன்னொரு டோஸ் போடுவார்கள். மற்றபடி ஒன்றே போதும். மயிரை வீட்டில் பிளேடால் மழித்துக்கொண்டு வராதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில்தான் கிருமி முதலில் உட்காரும்.

ஆயுதம் போட்டோ வேக்குவம் வைத்தோ குழந்தையை எடுக்கும் பிரசவத்துக்கும் இப்போது ஒரு டோஸ் உண்டு. 2019இல் பிரிட்டனில் வந்த அனோட் ஆய்வில், பிரசவம் ஆன 6 மணி நேரத்துக்குள் கோ-அமாக்ஸிக்ளாவ் ஒரே ஊசி போட்டதில் தொற்று 19 சதவீதத்திலிருந்து 11 சதவீதமாக இறங்கியது. குழந்தை பிறந்துவிட்டதால் மேலே சொன்ன குடல் பயம் இங்கே இல்லை. மலவாய்த் தசை வரை கிழிந்தாலும், நஞ்சுக்கொடியைக் கையை உள்ளே விட்டு எடுக்க நேர்ந்தாலும் கொடுப்பார்கள். சாதாரணச் சுகப்பிரசவத்துக்கும், சிக்கல் இல்லாத சின்ன வெட்டுத் தையலுக்கும் வழக்கமாகக் கொடுக்க வேண்டியதில்லை. என் ஐந்து நாள் மாத்திரைகள் எல்லாம் இந்தக் கணக்கில் வீண்.

கையைப் பற்றிப் பேசாமல் இந்த அறையை விட்டு வெளியே வர முடியாது. 1847இல் வியன்னாவில் ஸெம்மல்வைஸ் என்ற டாக்டர், பிணப் பரிசோதனை செய்துவிட்டு நேரே பிரசவம் பார்க்க வந்த மாணவர்களைக் குளோரின் நீரில் கை கழுவச் சொன்னார். அந்த ஏப்ரலில் அவர் பிரிவில் 100 தாய்மாரில் 18 பேர் இறந்துகொண்டிருந்தார்கள். ஜூனில் அது 2 ஆனது. பெனிசிலின் வர அப்போது இன்னும் கிட்டத்தட்ட நூறு வருஷம் இருந்தது. கேட்கக் கூச்சமாக இருந்தால், கூட இருப்பவரைக் கேட்கச் சொல்லுங்கள்: "புது கிளவுஸ் போட்டுக்கிறீங்களா?" நல்ல சிஸ்டருக்குக் கோபம் வராது.

வீட்டுக்கு வந்த பிறகு

தெர்மாமீட்டருக்கு இப்போதுதான் வேலை. முதல் 10 நாள் காலை, மாலை ஒரு தடவை பாருங்கள். தையல் வலிக்குப் பாராசிட்டமால் போடுகிறீர்கள் என்றால் மாத்திரைக்கு முன் பாருங்கள். போட்ட பிறகு பார்த்தால் காய்ச்சல் ஒளிந்துகொள்ளும். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், தொட்டால் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள்.

காய்ச்சல் மட்டுமல்ல. உதிரப்போக்கில் கெட்ட வாடை, அடிவயிற்றில் குறையாமல் கூடும் வலி, உதறும் நடுக்கம், ஓய்விலும் படபடக்கும் நாடி, வேகமான மூச்சு, சிறுநீர் குறைவது, பேச்சில் தடுமாற்றம், "என்னமோ சரியில்லை" என்ற உணர்வு. உடல் வெப்பம் 36க்குக் கீழே இறங்குவதும் ஆபத்தின் அடையாளம்தான். ஜில்லென்று இருக்கிறது என்று நிம்மதி அடையாதீர்கள். ஏ வகை ஸ்ட்ரெப் என்று இன்னொன்று உண்டு, தொண்டை வலியோடு வீட்டில் சுற்றும். அது தாயின் கர்ப்பப்பைக்குப் போய்ச் சேர்ந்தால் சில மணி நேரத்தில் கவிழ்த்துவிடும். வீட்டில் யாருக்காவது தொண்டை வலி என்றால், பேட் மாற்றிய பின் மட்டுமல்ல, மாற்றும் முன்னும் கை கழுவுங்கள்.

இந்த அறிகுறிகளோடு அவசரப் பிரிவுக்குப் போனால் முதல் வாக்கியம் இப்படி இருக்கட்டும்: "பிரசவம் ஆகி 5 நாள், சிசேரியன், காய்ச்சல் 38.6, நடுக்கம் இருக்கு." பிரசவத்தைச் சொல்லாவிட்டால் உங்களைச் சாதாரணக் காய்ச்சல் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். ரத்தத்தில் கிருமி பரவியதாகச் சந்தேகம் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். இவ்வளவு நேரம் தேவையா, தேவையா என்று கேட்கச் சொன்ன நானே சொல்கிறேன்: அங்கே கேள்வி வேண்டாம், கையை நீட்டுங்கள். நோட்டை மட்டும் டாக்டரிடம் கொடுங்கள்.

கர்ப்பப்பைத் தொற்றுக்கு நரம்பு வழியாக மருந்து ஏற்றி, காய்ச்சல் விட்டு 24 முதல் 48 மணி ஆனதும் பல நேரம் அத்தோடு நிறுத்திவிடுவார்கள். வீட்டுக்கு மாத்திரை இல்லையா என்று குடும்பமே சண்டைக்கு வரும். ரத்தத்தில் கிருமி வளரவில்லை என்றால் பெரும்பாலும் தேவையில்லை. மாத்திரை கொடுத்தனுப்பினால், சொன்ன நாள் வரை முடியுங்கள்.

மார்பில் ஒரு பக்கம் சிவந்து, சூடாகி, வலித்தால் பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். குளிர்ந்த ஒத்தடம், வலி மாத்திரை, வழக்கமான அளவு பால் ஊட்டுதல். அழுத்திப் பிசைவது வேண்டாம், வீக்கம்தான் கூடும். 24 மணியில் குறையாவிட்டால், அல்லது காய்ச்சலோடு உடம்பு முடியாமல் போனால், ஆன்டிபயாடிக் வேண்டும்; 10 முதல் 14 நாள். கட்டி இளகித் தளதளத்தால் உள்ளே சீழ், அதை வெளியே எடுத்தால்தான் ஆறும். இதற்குத் தரும் வழக்கமான மருந்துகள் பால் கொடுப்பவர்களுக்கு ஒத்துப்போகிறவைதான். குழந்தைக்குக் கொஞ்சம் இளக்கமாகப் போகலாம், வாயில் வெள்ளைப் படலம் வரலாம். இரண்டும் சமாளிக்கக்கூடியவை.

குழந்தை முனகி முனகி மூச்சு விட்டாலோ, பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தாலோ, தொட்டால் சுட்டாலோ ஜில்லென்று இருந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

எல்லாம் முடிந்து பையைப் பிரிக்கும்போது நோட்டைக் குப்பையில் போடாதீர்கள். ஸ்வாபில் ஸ்ட்ரெப் வந்திருந்தால் அடுத்த கர்ப்பத்தில் மறுபடி இருக்க ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. குழந்தைக்குத் தொற்று வந்ததா, எந்த மருந்து ஒத்துக்கொண்டது, எது தடிக்க வைத்தது என்பதெல்லாம் அந்த நான்கு பத்தியில் இருக்கிறது. அடுத்த முறை முதல் நாள் பரிசோதனைக்குப் போகும்போது அதைக் கையோடு எடுத்துப் போங்கள்.